ஆட்டு மருந்து நாய்க்கு ஆகாது: ஐப்பசி மழைக்காலக் குடற்புழு நீக்க ஆலோசனை

மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, வருசநாடு வட்டாரத்தில் வீட்டு நாய், தோட்ட நாய், கிடை நாய் வளர்ப்போருக்கு

ஐப்பசி பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மூல வைகையில் தண்ணீர் ஓடும். தென்னந்தோப்பும் ஆட்டுத் தொழுவமும் ஈரம் காயாமல் கிடக்கும். கொக்கிப்புழுவுக்கு வேண்டியதும் அந்த ஈரம்தான். நாயின் மலத்தோடு மண்ணில் விழும் முட்டை பொரிந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் தொற்றக்கூடிய இளம்புழுவாகிவிடும். அது குட்டியின் தோலையும் துளைக்கும், செருப்பில்லாமல் நடக்கும் பிள்ளையின் பாதத்தையும் துளைக்கும். இதே மாதத்தில் தீபாவளி வருகிறது; வீதிக்கு வீதி ஆடு அறுபடும், கழிவு நாய்க்குப் போகும். ஆகவே குடற்புழு நீக்கத்தை மழை வலுப்பதற்கு முன், இந்த வாரமே தொடங்குங்கள்.

வீட்டில் இருக்கும் பாட்டிலை எடுக்காதீர்கள்

நம் பக்கம் ஆடு வைத்திருக்கும் வீடுகள் அதிகம். ஆட்டுக்கு வாங்கிய மருந்து பாதி மீதமிருக்கும். நாய்க்குட்டி மெலிந்தால் கை அதைத்தான் தேடிப் போகும். அங்கேதான் உயிர் போகிறது.

கணக்கைப் பாருங்கள். ஆடு மாடுகளுக்குப் போடும் 1 சதவீத ஐவர்மெக்டின் ஊசி மருந்தில் 1 மில்லி என்பது 50 கிலோ எடைக்கான அளவு. ஒரு கிலோ எடையுள்ள நாய்க்குட்டிக்கு ‘கொஞ்சம்தானே’ என்று அரை மில்லி கொடுத்தால், ஆட்டுக் கணக்கின்படியே அது 25 மடங்கு. குட்டி தள்ளாடும், எச்சில் வடிக்கும், கண்மணி விரிந்து பார்வை தெரியாமல் சுவரில் முட்டும், பிறகு நினைவிழக்கும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. கோலி போன்ற மேய்ச்சல் இன நாய்களுக்கும் அவற்றின் கலப்புக்கும் இன்னும் குறைந்த அளவிலேயே விஷமாகும். லெவமிசோல், குளோசாண்டல் கலந்த ஆட்டு மருந்துகளையும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது. முதலாவது அளவு மீறினால் நடுக்கமும் வலிப்பும் வரும். இரண்டாவது கண்ணைக் கெடுக்கும்.

பிள்ளைகளுக்குப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் தரும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரையும் குட்டிக்கு வேண்டாம். அது நாயின் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடும். சினை நாய்க்குக் கொடுத்தால் கருவுக்கும் கேடு.

பேச்சிலும் ஒரு கவனம் வேண்டும். நம் வீடுகளில் ‘பூச்சி மருந்து’ என்றால் வயிற்றுப்பூச்சிக்கான மருந்தும் அதுதான், திராட்சைக்கும் தக்காளிக்கும் அடிக்கும் விஷமும் அதுதான். கடைக்குச் சிறுவனை அனுப்பினால் ‘நாய்க்குட்டிக்கான குடற்புழு மருந்து’ என்று தாளில் எழுதிக் கொடுங்கள். தோட்டத்து மருந்தை அளந்த மூடியால் நாய் மருந்தை அளக்காதீர்கள். வேப்பெண்ணெய், கற்பூரம், புகையிலைத் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

குட்டி கண் திறந்ததும் முதல் தவணை

வெளியிலேயே விடாத குட்டிக்குப் புழு எப்படி வரும் என்று பலரும் கேட்கிறார்கள். தாயிடமிருந்துதான் வருகிறது. தாயின் தசையில் உறங்கிக் கிடக்கும் உருண்டைப்புழுவின் இளம்புழு, சினைக்காலத்தின் கடைசி மூன்று வாரத்தில் விழித்துக் கருப்பை வழியே குட்டிக்குள் போய்விடும். கொக்கிப்புழு தாய்ப்பாலில் இறங்கும். ஆகவே கொழுகொழுவென்று பிறந்த குட்டிக்கும் மருந்து உண்டு.

நாள் கணக்கை நினைவில் வைப்பது எளிது. குட்டி கண் திறப்பது ஏறக்குறைய இரண்டாம் வாரம். முதல் தவணையும் அப்போதுதான்.

• 2, 4, 6, 8 வார வயதில் ஒவ்வொரு முறை
• அதன்பின் 6 மாதம் வரை மாதம் ஒருமுறை
• 6 மாதத்துக்கு மேல் 3 மாதத்துக்கு ஒருமுறை
• குட்டிக்குக் கொடுக்கும் அன்றே பால் கொடுக்கும் தாய்க்கும்

ஒரு தவணையோடு நிறுத்தக் கூடாது. மருந்து குடலில் இருக்கும் புழுவை வெளியேற்றும். நுரையீரலிலும் ஈரலிலும் பயணத்தில் இருக்கும் இளம்புழுவைத் தொடாது. இரண்டு வாரத்தில் அவை குடலுக்கு வந்து சேரும்போது அடுத்த தவணை காத்திருக்க வேண்டும்.

மருந்துக்கு முன் குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறு வெள்ளைத்துணி போல இருந்தால் கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சிவிட்டது என்று கொள்ளுங்கள். அந்தக் குட்டிக்கும், வாந்தி, இரத்தக் கழிச்சல், காய்ச்சல் இருக்கும் குட்டிக்கும் வீட்டில் மருந்து கொடுக்காமல் அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

எடை பார்க்காமல் மருந்து இல்லை

குட்டியைத் துணிப்பையில் போட்டுக் கைத்தராசில் தொங்கவிடுங்கள். பையின் எடையைக் கழியுங்கள். பெரிய நாய் என்றால் அதைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, உங்கள் எடையைக் கழியுங்கள். குட்டி வளர வளர ஒவ்வொரு தவணைக்கும் புதிதாக எடை போட வேண்டும். போன முறை அளவு இந்த முறைக்குப் பொருந்தாது.

இளங்குட்டிகளுக்குப் பைரன்டெல் உள்ள திரவ மருந்தை மருத்துவர்கள் எழுதுவது வழக்கம். பெரிய நாய்களுக்குப் பைரன்டெல், ஃபெபன்டெல், பிரசிகுவான்டெல் மூன்றும் சேர்ந்த மாத்திரை. பெரும்பாலும் 10 கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கில் வரும். தயாரிப்புக்குத் தயாரிப்பு வீரியம் மாறும் என்பதால் அட்டையில் அச்சிட்ட கணக்கையும் காலாவதித் தேதியையும் படித்துவிட்டுக் கொடுங்கள். சினை நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

திரவ மருந்தை ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, கடைவாய்ப் பக்கம் கன்னத்துக்குள் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஆட்டுக்குச் செய்வதுபோலத் தலையை அண்ணாத்திக் குழாயால் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். மாத்திரையை இட்லித் துண்டிலோ அவித்த முட்டையிலோ பொதிந்து கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள். பட்டினி போடத் தேவையில்லை.

அடுத்த ஓரிரு நாளில் மலத்தில் சேமியா போன்ற புழுக்கள் சுருண்டு வரலாம். ஒருமுறை இளகியும் போகலாம். பயப்பட வேண்டாம். ஆனால் வாந்தி நிற்காமல் இருந்தாலும், வயிறு உப்பி மலமே வராமல் இருந்தாலும், தள்ளாட்டமோ நடுக்கமோ கண்டாலும், கொடுத்த மருந்தின் அட்டையோடு உடனே கிளம்புங்கள். செத்த புழுக்கள் பந்தாகக் குடலை அடைத்திருக்கலாம்.

கிடை நாய் வைத்திருப்போர் கவனத்துக்கு

ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வருவதைக் கண்டிருப்பீர்கள். அதற்கு ஒரு காரணம் மூளையில் வளரும் நீர்க்கட்டி. அந்தக் கட்டியுள்ள தலையை நாய் தின்றால், அதன் குடலில் நாடாப்புழு வளரும். நாயின் மலத்தோடு முட்டை மேய்ச்சல் புல்லில் விழும். அந்தப் புல்லை மேயும் அடுத்த ஆட்டின் மூளையில் மீண்டும் கட்டி. ஈரலிலும் நுரையீரலிலும் வரும் நீர்க்கட்டிக்குக் காரணமான இன்னொரு நாடாப்புழு, இதே வழியில் மனிதரையும் பிடிக்கும். அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய்விடும்.

ஆகவே தீபாவளிக்கு அறுக்கும் ஆட்டின் தலை, ஈரல், நுரையீரல் எதையும் பச்சையாக நாய்க்கு வீசாதீர்கள். நன்றாக வேகவைத்துக் கொடுங்கள், அல்லது நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். நாய் தின்றுவிட்டது தெரிந்தால் ஒரு மாதத்துக்குள் பிரசிகுவான்டெல் உள்ள மருந்தைக் கொடுங்கள். புழு முதிர்ந்து முட்டையிடுமுன் அது வெளியேறிவிடும். பச்சைக் கழிவு தின்னும் வழக்கமுள்ள கிடை நாய்க்கு இதை 6 வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பது நல்லது. ஆசனவாயைச் சுற்றி அரிசிமணி போல ஒட்டியிருந்தால் அது தெள்ளுப்பூச்சியால் பரவும் நாடாப்புழு. தெள்ளையும் சேர்த்து ஒழிக்காவிட்டால் திரும்ப வரும்.

முற்றத்தையும் பிள்ளைகளையும் காக்க

உருண்டைப்புழுவின் முட்டை விழுந்தவுடன் தொற்றாது. மண்ணில் இரண்டு வாரமாவது கிடக்க வேண்டும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் சாகாது. எனவே மலத்தை அன்றன்றைக்கே அள்ளிப் புதைத்தால் பாதி வேலை முடிந்தது. மண்ணளைந்த கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு இந்தப் புழு கண்வரை போய்ப் பார்வையைக் கெடுக்கும் என்பதால், நாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவப் பழக்குங்கள். நாய் படுக்கும் சாக்கை வெயிலில் காயப் போடுங்கள். வெயிலும் வறட்சியும் கொக்கிப்புழுவைக் கொல்லும்.

எங்கே போவது

முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணை அழையுங்கள். சிக்கலானால் வீரபாண்டியில் 2020 முதல் இயங்கும் தேனி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம்.

இன்று மாலையே தராசை எடுங்கள். நாயின் பெயர், எடை, மருந்து, தேதி நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். அடுத்த தவணைத் தேதியையும் அதன் கீழேயே எழுதிவிடுங்கள். இந்த வாரம் கண் திறக்கும் குட்டிக்குத் தைப்பொங்கலுக்குள் ஐந்து தவணை முடிந்துவிடும். வெறிநோய்த் தடுப்பூசி போடும் மூன்று மாத வயதும் வந்துவிடும். அதுவரை அந்தத் தாள் கதவிலேயே இருக்கட்டும்.