கண் போன இடத்தில் கால் போகட்டும்

பங்சாரின் அடுக்குமாடிகளுக்கும் நெடுஞ்சாலைகளுக்கும் இடையே இன்னும் காடு மிஞ்சியிருக்கிறது. பங்சாரை ஒட்டி புக்கிட் பெர்செகுத்துவான் குன்று பச்சையாக நிற்கிறது. சற்றுத் தொலைவில், கோலாலம்பூரும் பெட்டாலிங் ஜெயாவும் சந்திக்கும் எல்லையில் புக்கிட் காசிங் காடு பரந்திருக்கிறது. வார இறுதி நாள்களில் குடும்பத்தினரும் மாணவர்களும் இங்கு மலையேற வருகின்றனர். பாம்புகளோ இக்காடுகளில் எப்போதும் வாழ்பவை. அவற்றின் வாழிடத்திற்குள் நுழையும் நாம்தாம் கவனமாக நடந்துகொள்ள வேண்டும்.

நாம் அறிய வேண்டிய பாம்புகள்

எல்லாப் பாம்புகளுக்கும் நஞ்சு இல்லை. நகரக் கால்வாய்களில் அடிக்கடி பிடிபடும் மலைப்பாம்பு நஞ்சற்றது; அது இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும். கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை நாகம், இராஜநாகம், கட்டுவிரியன், குழிவிரியன் ஆகியவை.

இங்குள்ள நாகங்களுள் ஒருவகை, தன்னைக் காத்துக்கொள்ள எதிரியின் கண்ணைக் குறிவைத்து நஞ்சை உமிழும். இராஜநாகம் உலகிலேயே மிக நீளமான நச்சுப் பாம்பு. 1937ஆம் ஆண்டு போர்ட்டிக்சன் அருகே பிடிபட்ட ஓர் இராஜநாகம், லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 5.71 மீட்டர் நீளம்வரை வளர்ந்தது. கட்டுவிரியன் இரவில் நடமாடும். குழிவிரியனின் கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவே ஒரு சிறு குழி உண்டு. அக்குழியின் உதவியால் அது இரையின் உடல் வெப்பத்தை இருளிலும் உணர்கிறது.

பாம்பு ஏன் கடிக்கிறது?

பாம்பு மனிதனைத் தேடி வந்து கடிப்பதில்லை, பழிவாங்குவதும் இல்லை. மனிதனை விழுங்க முடியாத நச்சுப் பாம்புக்கு அவனைக் கடிப்பதால் பயனும் இல்லை. மிதிபடும்போதும் பிடிபடும்போதும் தப்ப வழியில்லாதபோதும்தான் அது கடிக்கிறது.

இதற்கு நம் தோட்டப்புற வரலாறே சான்று. கெடா போன்ற வட மாநிலங்களின் இரப்பர்த் தோட்டங்களில் மலாயாக் குழிவிரியன் வாழ்கிறது. காய்ந்த இலையின் நிறமுடைய இப்பாம்பு, ஆள் நெருங்கினாலும் விலகி ஓடாமல் சருகுகளுக்கிடையே அசையாமல் கிடக்கும். விடியலுக்கு முன்பே பால்மரம் வெட்டச் சென்ற தொழிலாளர்களின் கால்கள் அதன்மேல் பட்டன. பாம்பு அவர்களிடம் வரவில்லை. கண் காணாத இடத்தில் அவர்களின் கால் பட்டது. அந்தத் தொழிலாளர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால், இன்று மலையேறச் செல்லும் நமக்கு வழி இருக்கிறது.

வருமுன் காப்போம்

1. கணுக்காலை மூடும் காலணியும் நீளமான காற்சட்டையும் அணிய வேண்டும். சிலிப்பர் அணிந்து காட்டுக்குள் செல்லக்கூடாது.
2. அமைக்கப்பட்ட பாதையைவிட்டு விலகி, உயர்ந்த புல்லிலோ சருகுக் குவியலிலோ நடக்கக்கூடாது.
3. விழுந்து கிடக்கும் மரத்தை ஒரே எட்டில் தாண்டக்கூடாது. அதன் மறுபக்கத்தைப் பார்த்த பிறகே காலை வைக்க வேண்டும்.
4. கல்லிடுக்கு, மரப்பொந்து, கிளை ஆகியவற்றைப் பார்க்காமல் பிடிக்கக்கூடாது. பச்சைக் குழிவிரியன் கிளையில் இலையோடு இலையாகக் கிடக்கும்.
5. இருட்டில் கைவிளக்கு இன்றி நடக்கக்கூடாது.
6. முகாமில் கூடாரத்தை எப்போதும் மூடி வைக்க வேண்டும். காலணியை அணியுமுன் தலைகீழாகத் தட்டிப் பார்க்க வேண்டும். உணவுக் கழிவுகளைச் சிதறவிட்டால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

கூடாரத்தைச் சுற்றிக் கந்தகத் தூளையோ உப்பையோ தூவினால் பாம்பு அண்டாது என்று சிலர் நம்புகின்றனர். அதை நம்பிக் கவனக்குறைவாக இருப்பது ஆபத்து. பாம்பைக் கண்டால் அசையாமல் நின்று, பின்னர் மெல்லப் பின்வாங்க வேண்டும். குச்சியால் சீண்டுவதோ கல்லெறிவதோ கூடாது. வீட்டிற்குள் பாம்பு நுழைந்துவிட்டால் 999 எண்ணை அழைக்கலாம். தீயணைப்பு மீட்புப் படையினரும் பொதுத் தற்காப்புப் படையினரும் அதைப் பிடிக்கப் பயிற்சி பெற்றவர்கள்.

கடித்துவிட்டால்?

கடிபட்டவரை முதலில் பாம்பிடமிருந்து விலக்கி, அமைதிப்படுத்த வேண்டும். மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் தோன்றுமுன் கழற்ற வேண்டும். எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல், கடிபட்ட கையையோ காலையோ ஒரு கட்டையுடன் சேர்த்து அசையாதபடி வைக்க வேண்டும். அவரை நடக்கவோ ஓடவோ விடாமல் விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. பாதுகாப்பான தொலைவிலிருந்து முடிந்தால் பாம்பைப் படமெடுக்கலாம். அதைப் பிடிக்கவோ கொல்லவோ முயலக்கூடாது. நஞ்சு கண்ணில் பட்டால் கசக்காமல், தூய நீரை நிறைய ஊற்றிக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

காயத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பனிக்கட்டி வைப்பது ஆகிய அனைத்தும் தவறானவை. இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, கை காலையே இழக்க நேரிடலாம்.

பச்சிலை காப்பாற்றியதா?

“என் தாத்தாவைப் பாம்பு கடித்தது, பச்சிலை வைத்துக் கட்டினார்கள், பிழைத்துக்கொண்டார்” என்று சிலர் கூறக் கேட்டிருப்போம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால், அவரைக் காப்பாற்றியது பச்சிலைதானா?

1950களில் பினாங்குப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் அலிஸ்டர் ரீட், பாம்புக்கடி நோயாளிகளை ஆராய்ந்தார். நச்சுப் பாம்பு கடித்தவர்களுள் பாதிப் பேருக்கு மேல் நஞ்சின் பாதிப்பு மிகக் குறைவாக இருந்தது, அல்லது இல்லவே இல்லை என்று அவர் கண்டறிந்தார். பாம்பு கடிக்கும் ஒவ்வொரு முறையும் நஞ்சைச் செலுத்துவதில்லை. நஞ்சு ஏறாதவருக்குப் பச்சிலை கட்டினாலும் பிழைப்பார், கட்டாவிட்டாலும் பிழைப்பார். புகழ் மட்டும் பச்சிலைக்குப் போய்ச் சேரும்.

நஞ்சு ஏறியதா இல்லையா என்பதைக் கடிபட்ட உடனே யாராலும் சொல்ல முடியாது. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியே தெரியாமலிருக்கலாம். சில மணி நேரத்திற்குப் பிறகு கண்ணிமை தொங்கி, மூச்சுத் திணறல் ஏற்படும். ஆகவே, வலி இல்லை என்று வீட்டிலேயே காத்திருப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

நஞ்சே மருந்தாகிறது

நஞ்சை முறிக்கும் மருந்து, பாம்பின் நஞ்சிலிருந்தே தயாராகிறது. சிறிதளவு நஞ்சைக் குதிரைக்குச் செலுத்துவர். அதன் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து மருந்தாக்குவர். இந்தியாவின் நச்சுமுறி மருந்துக்குத் தேவையான நஞ்சைத் தருவதில் தமிழ்நாட்டு இருளர்களின் பங்கு பெரிது. 1978இல் அவர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்குகிறது. நஞ்சை எடுத்த பின்னர்ப் பாம்புகளை மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். பாம்பு பிடிப்பதில் வல்லவர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆனால், ஒரு நாட்டுப் பாம்புக்கான மருந்து மற்றொரு நாட்டுப் பாம்புக்குப் பொருந்தாமல் போகலாம். நம் மருத்துவமனைகள் பெரும்பாலும் தாய்லாந்தில் தயாராகும் மருந்தையே பயன்படுத்துகின்றன. எந்தப் பாம்பு கடித்தது என்பதற்கேற்ப மருத்துவரே மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்.

உலகில் பாம்புக்கடியால் ஆண்டுதோறும் 81,000 முதல் 138,000 பேர்வரை இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இவர்களுள் பலர், மருத்துவமனை எட்டாத் தொலைவில் வாழும் ஏழை உழவர்கள். நமக்கோ மருத்துவமனை அருகிலேயே உள்ளது. காட்டில் கண் போன இடத்தில் கால் போகட்டும்; கடிபட்டால் கால தாமதமின்றி மருத்துவமனைக்குப் போகட்டும்.

கருத்துணர் கேள்விகள்

1. பாம்பு மனிதனைக் கடிக்கும் சூழல்கள் யாவை?
2. பால்மரம் வெட்டும் தொழிலாளர்கள் குழிவிரியனால் கடிபட்டதற்கான காரணத்தை விளக்குக.
3. ‘புகழ் மட்டும் பச்சிலைக்குப் போய்ச் சேரும்’ எனும் தொடரின் பொருள் என்ன?
4. உன் நண்பனைப் பாம்பு கடித்துவிட்டது. வலி இல்லாததால் அவன் மருத்துவமனைக்கு வர மறுக்கிறான். அவனை எவ்வாறு இணங்க வைப்பாய்?