நோட் ஜேஎஸ்: நம்புவதும் நடப்பதும்

நோட் ஜேஎஸ்ஸில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியாகும்போதெல்லாம் இரண்டு பேச்சு கிளம்பும். ‘ஜாவாஸ்கிரிப்டைக் கொண்டுபோய் சர்வரில் ஓட்டினால் இப்படித்தான் ஆகும்’ என்பது ஒன்று. ‘நம்ம அப்ளிகேஷனுக்கு அதெல்லாம் வராது’ என்பது மற்றொன்று. நோட் யாரை நம்புகிறது, யாரைச் சந்தேகிக்கிறது என்று தெரியாததுதான் இரண்டுக்கும் வேர். அந்தத் திட்டத்தினர் இதைத் தெளிவாக எழுதியே வைத்திருக்கிறார்கள். ஓட்டச் சொல்லி நாம் கொடுக்கும் கோடை நோட் முழுசாக நம்பும். தான் இயங்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் நம்பும். நெட்வொர்க் வழியாக வந்து சேரும் தரவைத்தான் நம்பாது. இதைப் படிக்காமல் பலரும் மனசுக்குள் வேறொரு எல்லை போட்டு வைத்திருக்கிறார்கள்.

நம்பிக்கை: பிரவுசரைப் போலவே சர்வரிலும் ஜாவாஸ்கிரிப்ட் கூண்டுக்குள்தான் இருக்கிறது

குரோமில் இருக்கும் அதே வி8 எஞ்சின்தான் நோட்டிலும் இருக்கிறது. ஆனால் அந்த எஞ்சினைச் சுற்றி குரோம் கட்டியிருக்கும் சாண்ட்பாக்ஸ் இங்கே கிடையாது. நோட்டில் ஓடும் எந்த வரியும் கோப்புகளைப் படிக்கலாம், அழிக்கலாம், வேறொரு புரோகிராமைக் கிளப்பலாம், கிளவுட் சாவிகளை எடுத்து வெளியே அனுப்பலாம். 2009-இல் நோட்டை உருவாக்கிய ரயன் டால், 2018-இல் பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் மாநாட்டில், ‘நோட் ஜேஎஸ் பற்றி நான் வருந்தும் பத்து விஷயங்கள்’ என்ற தலைப்பில் பேசினார். பாதுகாப்பில் போதிய கவனம் வைக்காததும் அவற்றில் ஒன்று. அனுமதி கேட்டுத்தான் கோப்பையும் நெட்வொர்க்கையும் தொட முடியும் என்கிற டீனோ என்ற புதிய இயக்கச் சூழலை அதே உரையில்தான் அறிமுகப்படுத்தினார்.

2018-இல் ‘ஈவென்ட் ஸ்ட்ரீம்’ என்ற பிரபல பேக்கேஜின் பொறுப்பு ஒரு புது ஆளிடம் போனது. அவர் சேர்த்த ஒரு சிறு துணைப் பேக்கேஜ், கோப்பே என்ற பிட்காயின் வாலெட்டின் சாவிகளைக் குறிவைத்தது. நோட்டில் எந்தப் பிழையும் இல்லை. நாம் கொடுத்த கோடை அது நம்பி ஓட்டியது, அவ்வளவுதான். 2023-இல் வந்த 20-ஆம் பதிப்பில் சோதனை நிலையில் ஒரு அனுமதி முறை சேர்ந்தது, நல்ல விஷயம். ஆனால் நம்பகமான கோட் தவறிப்போய் எதையாவது தொட்டுவிடாமல் காப்பதுதான் இதன் வேலை, கெட்ட எண்ணத்தோடு எழுதிய கோடுக்கு எதிராக உத்தரவாதம் இல்லை என்று ஆவணமே சொல்லிவிடுகிறது.

வெளியாட்கள் எழுதும் ஸ்கிரிப்டை ‘விஎம்’ மாட்யூலுக்குள் ஓட்டினால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில். அது பாதுகாப்புக் கருவி அல்ல என்று அதன் ஆவணம் நேராகவே எச்சரிக்கிறது. உள்ளே கொடுத்த ஒரு பொருளின் கன்ஸ்ட்ரக்டரைப் பிடித்து, அதன் கன்ஸ்ட்ரக்டரையும் பிடித்தால், வெளியே இருக்கும் பிராசஸ் கைக்கு வந்துவிடும். இதை அடைக்கவென்றே எழுதிய ‘விஎம்2’ லைப்ரரியில் ஓட்டைக்கு மேல் ஓட்டை வந்து, 2023-இல் அதன் பராமரிப்பாளர் திட்டத்தையே கைவிடுவதாக அறிவித்தார்.

நம்பிக்கை: ஜாவாஸ்கிரிப்டில் மெமரி ஓட்டை வராது

நீங்கள் எழுதுவது ஜாவாஸ்கிரிப்ட். அதற்கு அடியில் இருப்பதெல்லாம் சி, சி++: வி8, லிப்யூவி, ஓப்பன்எஸ்எஸ்எல், எச்டிடிபி/2-வுக்கான என்ஜிஎச்டிடிபி2. அங்கே பிழை வந்தால் அது உங்கள் பிழையும்தான்.

சில சமயம் அடித்தளத்து மெமரி ஜாவாஸ்கிரிப்ட் வழியாகவே கசியும். பழைய நோட்டில் ‘நியூ பஃபர்’ என்று எழுதி ஒரு சரத்தைக் கொடுத்தால், அந்தச் சரம் பைட்டுகளாக உள்ளே போகும். எண்ணைக் கொடுத்தால், அத்தனை பைட் அளவுக்கு மெமரியில் ஓர் இடத்தைச் சுத்தம் செய்யாமல் அப்படியே எடுத்துத் தரும். இப்போது ஒரு சர்வரை நினைத்துப் பாருங்கள். பயனர் ஜேசனில் ஒரு வார்த்தை அனுப்புவார், அதை பஃபராக்கித் திருப்பி அனுப்புவது அதன் வேலை. யாரோ ஒருவர் வார்த்தைக்குப் பதிலாக 1000 என்ற எண்ணை அனுப்புகிறார். பதிலாக 1000 பைட் பழைய மெமரி போகிறது. அதில் முந்தைய பயனரின் பாஸ்வேர்டு இருக்கலாம், டிஎல்எஸ் சாவியின் துண்டு இருக்கலாம். இது கற்பனை அல்ல. வெப்சாக்கெட்டுக்குப் பெரிதும் பயன்படும் ‘டபிள்யூஎஸ்’ லைப்ரரியிலேயே இந்த வகைக் கசிவு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு 2016-இல் சரத்துக்கு ஒன்று, எண்ணுக்கு ஒன்று என்று தனித்தனி வழிகள் வந்தன. பழைய வழியிலும் பூஜ்யங்களால் நிரப்பித் தருவது 8-ஆம் பதிப்பில் வந்தது.

நம்பிக்கை: என் கணினிக்குள் மட்டும் திறந்திருக்கும் போர்ட்டை வெளியாள் தொட முடியாது

டீபக் செய்ய நோட்டை இன்ஸ்பெக்டரோடு கிளப்பினால், 127.0.0.1 முகவரியில் 9229 போர்ட் திறக்கும். அதில் இணைந்தவர் அந்தப் பிராசஸுக்குள் எந்தக் கோடையும் ஓட்டலாம். வெளியிலிருந்து யார் வரப்போகிறார்கள்? உங்கள் பிரவுசர் வரும். நீங்கள் வேறொரு டேபில் ஒரு கெட்ட தளத்தைத் திறக்கிறீர்கள். அதன் டொமைன் பெயருக்கு டிஎன்எஸ் முதலில் தாக்குபவரின் முகவரியைச் சொல்கிறது. சில நொடிகள் கழித்துக் கேட்டால் 127.0.0.1 என்கிறது. பெயர் மாறவில்லை என்பதால் பிரவுசருக்கு அது அதே தளம். அந்தப் பக்கத்தில் இருக்கும் ஸ்கிரிப்ட் இப்போது உங்கள் டீபக்கரோடு பேசுகிறது. ஃபயர்வால் இதில் எங்கும் குறுக்கே வருவதில்லை.

2018 மார்ச்சில் இதற்குத் திருத்தம் வந்தது: கோரிக்கையில் இருக்கும் ஹோஸ்ட், ஐபி முகவரியாகவோ லோக்கல்ஹோஸ்ட்டாகவோ இருந்தால்தான் அனுமதி. 2021-இல் பார்த்தால் அனுமதிப் பட்டியலில் ‘லோக்கல்ஹோஸ்ட்6’ என்றும் ஒரு பெயர் இருந்தது. பல கணினிகளில் அது டிஎன்எஸ்ஸைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் சாதாரணப் பெயர்தான். 2022 ஜூலையில் இன்னொன்று: ஐபி போலத் தோன்றும் தப்பான முகவரியை நோட் ஐபி என்று ஏற்றுக்கொண்டது, பிரவுசரோ அதைப் பெயர் என்று எடுத்து டிஎன்எஸ்ஸிடம் கேட்டது. அதற்குப் போட்ட திருத்தமும் போதவில்லை. எட்டின் அடிமான எண்களில் எழுதிய முகவரிகளுக்காக நவம்பரில் மறுபடி திருத்தினார்கள். ஆக, ஒரே வாசலுக்குக் குறைந்தது நான்கு முறை பூட்டு போட்டிருக்கிறார்கள். திறமைக் குறைவு என்று இதை நான் சொல்லமாட்டேன். இரண்டு மென்பொருள்கள் ஒரே எழுத்துகளை இரண்டு விதமாகப் படிக்கும்போது இப்படிப்பட்ட ஓட்டைகள் பிறக்கின்றன. எச்டிடிபி கோரிக்கைக் கடத்தல் என்ற பெயரில் நோட்டில் வந்துகொண்டே இருந்த ஓட்டைகளுக்கும் இதுவே காரணம்.

நம்பிக்கை: ஒருமுறை அடைத்த ஓட்டை திரும்ப வராது

2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் ஹேக்கர் மாநாட்டில் ஒரு தாக்குதலைக் காட்டினார்கள். ஒரு பெயரை எங்கே சேமிப்பது என்று முடிவு செய்ய எஞ்சின் அதற்கு ஒரு ஹேஷ் எண் கணக்கிடும். ஒரே ஹேஷ் வரும்படி ஆயிரக்கணக்கான பெயர்களைத் தயார் செய்து ஒரே கோரிக்கையில் அனுப்பினால், ஒவ்வொரு பெயரையும் முன்பு வந்த எல்லாப் பெயர்களோடும் ஒப்பிட வேண்டி வரும். 10,000 பெயர் என்றால் சுமார் 5 கோடி ஒப்பீடு. நோட்டில் உங்கள் கோட் ஒரே திரெட்டில் ஓடுவதால், அது முடியும்வரை மற்ற எல்லாப் பயனர்களும் காத்திருக்க வேண்டியதுதான். பிஎச்பி, ஜாவா, பைதான் எல்லாவற்றுக்கும் இதே பாடு. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கணக்கில் ஒரு ரேண்டம் விதையைச் சேர்ப்பது என்று தீர்வு கண்டார்கள். 2012-இல் நோட்டுக்கும் அது வந்தது.

2017 ஜூலையில் அந்த விதை ரேண்டமாகவே இல்லை என்று தெரியவந்தது. வேகமாகத் தொடங்குவதற்காக வி8-இன் தொடக்க நிலையை முன்கூட்டியே படம் பிடித்து வைத்திருந்தார்கள். அந்தப் படத்துக்குள் விதையும் உறைந்துபோனது. ஒரே பதிப்பை நிறுவிய உலகத்துச் சர்வர்கள் அத்தனையிலும் ஒரே விதை! 4-ஆம் பதிப்பிலிருந்து 8 வரை பாதிப்பு. 2025-இல் வந்த 24-ஆம் பதிப்பில் வி8 ‘ரேபிட்ஹேஷ்’ என்ற புதிய, வேகமான முறைக்கு மாறியபோது ஓட்டை மூன்றாம் முறை வந்தது. விதை தெரியாமலேயே மோதும் பெயர்களைத் தயாரிக்க முடிந்தது. அந்த ஆண்டு ஜூலையில் அடைத்தார்கள். இரண்டு முறையும் வேகத்துக்காகச் செய்த நல்ல மாற்றம்தான் பழைய பாதுகாப்பை அழித்தது.

‘கிராஷ் ஆனால் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும்’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 ஏப்ரலில் அடைத்த எச்டிடிபி/2 ஓட்டையில், சில சிறு பாக்கெட்டுகளே சர்வரைக் கவிழ்க்கப் போதுமாக இருந்தன. அது எழுந்திருக்கும்போதெல்லாம் மறுபடி கவிழ்க்கத் தாக்குபவருக்கு எந்தச் செலவும் இல்லை.

நம்பிக்கை: பழைய பதிப்பு நிலையானது, ஸ்கேனரும் பச்சைதான் காட்டுகிறது

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஆதரவு முடிந்த பதிப்பில் புது ஓட்டைகளை நோட் குழு சோதித்துப் பட்டியலிடுவதில்லை. பட்டியலில் பெயர் இல்லாததால் ஸ்கேனர் பச்சை காட்டுகிறது. யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அந்தப் பச்சைக்குப் பொருள். ஆதரவு முடிந்த பதிப்புகள் எப்போதும் பாதிக்கப்பட்டவை என்று தங்கள் பாதுகாப்பு அறிவிப்புகளிலேயே அவர்கள் எழுதுகிறார்கள். 2025 ஜனவரியில் ஒரு படி மேலே போய், பழைய பதிப்புகளுக்கே சிவிஇ (ஓட்டைகளுக்குத் தரும் அடையாள எண்) கொடுத்து ஸ்கேனர்களைச் சிவப்பாக்கப் பார்த்தார்கள். அந்த எண்கள் பிறகு நிராகரிக்கப்பட்டன.

16-ஆம் பதிப்பின் ஆதரவு, அது சார்ந்திருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-இன் காலம் முடிந்ததால், திட்டமிட்டதற்கு முன்பாகவே 2023 செப்டம்பர் 11-இல் முடிந்தது. 18-இன் ஆதரவு 2025 ஏப்ரல் 30-இல் முடிந்துவிட்டது. இன்றைக்கே உங்கள் சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பாருங்கள். அதன் ஆதரவு முடிந்துவிட்டது என்றால், கையில் இருக்கும் மற்ற வேலையை ஒத்திவைத்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.