வாடிக்கையாளர் எண்களைப் பேணும் முறை

பூவிருந்தவல்லி – ஆவடிச் சாலையில், பாரிவாக்கத்தை ஒட்டி ஜவுளிக்கடையோ மனை வியாபாரமோ நடத்துகிறவர்கள், ரசீதுப் புத்தகத்திலிருந்து திரட்டிய கைபேசி எண்களுக்கெல்லாம் ஆடித் தள்ளுபடிச் செய்தியை அனுப்ப முனையுமுன், விளம்பரத்துக்கு வாடிக்கையாளர்கள் சம்மதம் அளித்தார்களா என்பதையும் அளித்த தேதியையும் எண்ணுக்கு எதிரே குறித்து வைத்தல் உத்தமம். பில் போடுவதற்காகச் சொன்ன எண் விளம்பரத்துக்கு அனுமதி ஆகாது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, மொத்தமாக விளம்பரக் குறுஞ்செய்தி அனுப்புவோர் தம் விவரத்தையும், அனுப்புநர் தலைப்பையும், செய்தியின் வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டி.எல்.டி. பதிவுத் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். சொந்தக் கைபேசியிலிருந்தே அனுப்பிவிடலாம் என்பது சிக்கனமல்ல. புகார் சென்றால் இணைப்பே துண்டிக்கப்படக்கூடும்.

பலரும் தவறுவது இங்கேதான்: ‘வேண்டாம்’ என்றவரின் எண்ணை அழித்துவிட்டால், அது அடுத்த ரசீதின் வழியாகப் பட்டியலுக்குள் மீண்டும் நுழைந்துவிடும் ஆதலால், அழிப்பதோடு நில்லாமல், எண்ணை மட்டும் கொண்ட விலக்குப் பட்டியல் ஒன்றைத் தனியே வைத்து, ஒவ்வொரு முறையும் அனுப்புமுன் அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். அவ்வாறு விலகியவரிடம் 90 நாட்களுக்குள் மறுபடி சம்மதம் கோரலாகாது என்பது டிராய் விதிகளின் 2025ஆம் ஆண்டுத் திருத்தம்.

துண்டிக்கப்பட்ட எண் 90 நாட்களுக்குப் பின் வேறொருவர் கைக்குப் போகலாம். ஆகவே, நெடுநாள் மௌனமாயிருக்கும் எண்களையும் காலாண்டுக்கொரு முறை களைந்துவிடுங்கள். விளம்பரமே வேண்டாத வாடிக்கையாளர்கள் 1909ஐ அழைத்துப் பதிவு செய்துகொள்ளலாம்.