உழவர் குழுவுக்கு ஒரு கொள்முதல் திட்டம்

சிறு விவசாயி தனியாகக் கடைக்குச் சென்றால் சொன்னதே விலை, கொடுத்ததே சரக்கு. நூறு பேர் சேர்ந்து கேட்டால் நிலைமை மாறும். தமிழ்நாட்டில் 2017-18இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தின் அடிப்படையும் இதுவே. 20 பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழுக்கள் ஐந்து இணைந்து, 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழுவாயின. ஆனால் ஆள் சேர்ந்தால் மட்டும் போதாது. எதை, எவ்வளவு, எப்போது, எந்த முறையில் வாங்குவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

தேவையைக் கணக்கிடுதல்

100 ஏக்கரில் குறுவை நெல் பயிரிடும் குழுவை எடுத்துக்கொள்வோம். மண் ஆய்வு செய்யாத நிலையில், டெல்டாப் பகுதிக்கான பொதுப் பரிந்துரை எக்டருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் முறையே 150:50:50 கிலோ. அதாவது ஏக்கருக்கு 60:20:20 கிலோ. 20 கிலோ மணிச்சத்துக்கு 43.5 கிலோ டி.ஏ.பி. தேவை. அதிலேயே சுமார் 8 கிலோ தழைச்சத்தும் கிடைக்கும். மீதிக்கு 113 கிலோ யூரியாவும், சாம்பல் சத்துக்கு 33 கிலோ பொட்டாஷும் வேண்டும்.

நூறு ஏக்கருக்குச் சுமார் 87 மூட்டை டி.ஏ.பி., 67 மூட்டை பொட்டாஷ் (50 கிலோ), 252 மூட்டை யூரியா (45 கிலோ) ஆகும். யூரியா முழுவதையும் ஒரே நாளில் வாங்கி அடுக்க வேண்டியதில்லை. தழைச்சத்தை நான்கு தடவையாக இடுவதால், அடியுரத்துக்கு 35 மூட்டையும், பிறகு தடவைக்கு 72 அல்லது 73 மூட்டையும் போதும். பணமும் முடங்காது, உரமும் கட்டிதட்டாது. மண் ஆய்வு செய்தால் இந்த அளவும் மாறும்.

பொருளுக்கு ஏற்ற முறை

எல்லாப் பொருளையும் ஒரே முறையில் வாங்குவது தவறு.

1. விதை: இங்கு விலை இரண்டாம்பட்சம். சான்று விதையில் நீல அட்டை, குவியல் எண், காலாவதி நாள் ஆகியவற்றைப் பார்க்கவும். நெல்லின் முளைப்புத்திறன் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு குவியலிலும் 100 விதைகளை ஈரத்துணியில் சுற்றி முளைக்க வைத்துப் பார்ப்பது நல்லது. ஏக்கருக்கு 24 கிலோ வீதம் 2,400 கிலோ விதையையும் ஒரே குவியலில் வாங்கினால், அது பழுதானால் நூறு ஏக்கரும் பாதிக்கும். இரண்டு குவியல்களாக வாங்கவும்.

2. யூரியா: அரசு நிர்ணயித்த உச்ச விலை உள்ளதால் விலையில் பேரம் பேச அதிக இடமில்லை. உரிய நாளில் கிடைப்பது, வண்டி வாடகை ஆகியவற்றைப் பேசவும்.

3. நுண்ணூட்டம், பூச்சிமருந்து: கடைக்குக் கடை விலை மாறும். மூன்று கடைகளில் எழுத்து மூலம் விலைப்புள்ளி பெறவும். பை விலையைப் பார்க்காமல் சத்தின் விலையைப் பார்க்கவும். 21 சதவீதத் துத்தநாகம் உள்ள துத்தநாக சல்பேட் கிலோ ரூ.70, 33 சதவீதம் உள்ளது ரூ.90 என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ துத்தநாகத்தின் விலை முறையே ரூ.333, ரூ.273. விலை கூடியதே மலிவு!

4. கருவி: ரூ.2,00,000 கருவி 8 ஆண்டு உழைத்தால் ஆண்டுத் தேய்மானம் ரூ.25,000. ஆண்டுக்கு 100 மணி நேரம் ஓடினால் மணிக்கு ரூ.250, 25 மணி நேரமே ஓடினால் ரூ.1,000. எரிபொருளும் பழுதுச் செலவும் தனி. வேலை குறைவென்றால் வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்கு எடுப்பதே இலாபம்.

கவனிக்க வேண்டியவை

* விலை முடிவு செய்பவர், சரக்கை எடை போட்டு வாங்குபவர், பணம் கொடுப்பவர் ஆகிய மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும்.
* உறுப்பினரின் உறவினர் கடையும் போட்டியிட்டால், அந்த உறுப்பினர் முடிவெடுக்கும் கூட்டத்தில் கலந்துகொள்ளக் கூடாது.
* விதை, உரம், பூச்சிமருந்து ஆகியவற்றை விற்க உரிமம் தேவை. உரிமம் இல்லாத குழு விலையை மட்டும் சேர்ந்து பேசி, அவரவர் பெயரிலேயே ரசீது பெறட்டும்.
* ரசீதையும் விதை அட்டையையும் அறுவடை வரை பாதுகாக்கவும். பழுதான சரக்குக்கு நியாயம் கேட்க அவையே சான்று.
* விதைப்புக்கு இரண்டு மாதம் முன்பே தேவைப் பட்டியலைத் தயாரிக்கவும். அவசரத்தில் வாங்குபவருக்குப் பேரம் பேச நேரம் இராது.

நூறு பேரின் பணம் ஒரு கையில் சேரும்போது கணக்கும் அனைவர் கண்ணிலும் பட வேண்டும். மாதந்தோறும் வரவு செலவைக் கூட்டத்தில் படித்துக் காட்டும் குழுவே அடுத்த பருவத்திலும் குழுவாக நிற்கும்.