கர்ப்பகால, பிரசவகால அவசர நிலைகள்: பரீட்சைக்கான முக்கியக் குறிப்புகள்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கமிருந்து தாதியர், குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சிப் பரீட்சைகளுக்குத் தோற்றுவோருக்காக. இலக்கங்களை மட்டும் மனனம் செய்தவர் கட்டமைப்பு வினாவில் தடுமாறுவார். அதனால் தேவையான இடங்களில் காரணமும் சேர்த்துத் தரப்படுகிறது.

பின்னணி

• கொழும்பு டீ சொய்சா மகப்பேற்று வைத்தியசாலை: 1879. களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு: 1926. குடும்ப சுகாதாரப் பணியகம்: 1968. தாய் மரணம் கட்டாயம் அறிவிக்க வேண்டியதாக்கப்பட்டது: 1985.

• 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கும் மேல் தாய்மார் இறந்தனர். இன்று அது 40க்கும் கீழ். 2030க்குள் 70க்குக் கீழ் என்பது உலக இலக்கு.

• பொறி வினா: பேறுகாலத்துடன் தொடர்பற்ற வீதி விபத்தில் கர்ப்பிணி இறந்தால் அது தாய் மரணக் கணக்கில் சேராது. கர்ப்பகாலத்திலோ கர்ப்பம் முடிந்து 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தாலோ அதன் பராமரிப்பாலோ நேரும் மரணமே கணக்கில் வரும். கணக்கில் வராவிட்டாலும் உயிர் உயிர்தான். கீழே உள்ள விபத்துப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

கர்ப்பிணியின் உடல் அபாயத்தை மறைக்கும்

• இந்தப் பாடத்தின் மையம் இதுதான். கர்ப்பத்தில் குருதியின் கனவளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. அதனால் 1,200 முதல் 1,500 மில்லிலீற்றர் வரை இழந்த பின்னும் குருதியமுக்கம் சாதாரணமாகவே இருக்கக்கூடும். அமுக்கம் இறங்கிய பின் ஓடத் தொடங்குபவர் ஏற்கெனவே பிந்திவிட்டார். முதலில் நாடித்துடிப்பைப் பாருங்கள். நாடித்துடிப்பைச் சுருங்கலமுக்கத்தால் வகுக்கும்போது 0.9 அல்லது அதற்கு மேல் வந்தால் எச்சரிக்கை.

• 20 வாரத்துக்கு மேல் மல்லாக்கக் கிடத்தக்கூடாது. கருப்பை பெருநாளத்தை நசுக்கி, இதயத்துக்குத் திரும்பும் குருதியைக் குறைத்துவிடும். இடப்பக்கம் 15 முதல் 30 பாகை சரித்து வையுங்கள். முள்ளந்தண்டுக் காயச் சந்தேகம் இருந்தால் பலகையோடு சேர்த்துச் சரிக்க வேண்டும்.

விபத்து

• நம்ம ஊர்ப் பக்கம் நினைவில் நிற்க வேண்டிய காட்சி: மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒருக்களித்து இருக்கும் கர்ப்பிணி, அபாயாவின் ஓரம் சில்லில் சிக்குகிறது. வெளியே சிராய்ப்பு மட்டும்தான் தெரியும். உள்ளே சூல்வித்தகம் பிரிந்திருக்கலாம். குருதி வெளியே வராமலும் இருக்கலாம். வயிறு பலகைபோல் இறுகுதல், விடாத நோவு, பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவை அடையாளங்கள். “ஒண்டுமில்ல, வீட்ட போவம்” என்று சொல்பவரையும் குறைந்தது 4 மணிநேரம் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

• தாய் ஆர்எச் நெகட்டிவ் என்றால் 72 மணிநேரத்துக்குள் அன்ரி-டி ஊசி.

• காரில் இடுப்புப் பட்டி வயிற்றுக்குக் கீழே, தொடைப்பக்கம்.

பிரசவத்துக்குப் பின் குருதிப்பெருக்கு

• பழைய நூல்களில் 500 மில்லிலீற்றர் (சிசேரியனில் 1,000). 2025இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல்: 300ஐத் தொட்டு, நாடித்துடிப்போ அமுக்கமோ பிசகினாலே சிகிச்சையைத் தொடங்கு. இரண்டு இலக்கங்களையும் எழுதுங்கள். இனி கேள்வி 300இல்தான் வரும் என்பது என் கணிப்பு.

• கண்மதிப்பு பெரும்பாலும் குறைத்தே காட்டும். கட்டிலில் விரித்த சாரன் எவ்வளவு குடித்தது என்று கண்ணுக்குத் தெரியாது. நெசவூரான மருதமுனைப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நனைந்த துணியை நிறுத்து, காய்ந்த நிறையைக் கழியுங்கள். ஒரு கிராம் ஏறத்தாழ ஒரு மில்லிலீற்றர்.

• காரணங்கள் நான்கு: கருப்பை தளர்தல் (ஏறக்குறைய 70 சதவீதம்), கிழிவு, உள்ளே தங்கிய துண்டு, குருதி உறையாமை.

• 2023இல் கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தான்சானியாவில் 80 வைத்தியசாலைகளில் நடந்த ஈ-மோட்டிவ் ஆய்வு: அளந்து பார்த்து முன்கூட்டியே கண்டுபிடித்து, கருப்பையைத் தேய்த்தல், ஒக்சிடோசின், டிரானெக்சமிக் அமிலம், சேலைன், பரிசோதனை எல்லாவற்றையும் ஒருங்கே செய்ததில் கடும் பெருக்கு உள்ளிட்ட மோசமான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. ஒன்றைக் கொடுத்துப் பார்த்து, பலிக்காவிட்டால் அடுத்தது என்ற பழக்கத்துக்கு இது முடிவு கட்டியது.

• டிரானெக்சமிக் அமிலம்: 1 கிராம், நாளம் வழி, பிரசவமாகி 3 மணிநேரத்துக்குள். பிந்தினால் பயனில்லை.

• சயேபா முறை: வங்காளதேச மருத்துவர் சயேபா அக்தர் 2000இல் கொண்டுவந்தது. கதீற்றரில் ஆணுறையைக் கட்டி, கருப்பைக்குள் வைத்து, சேலைனால் நிரப்பி அமுக்கம் கொடுப்பது. விலையுயர்ந்த பலூன் இல்லாத வார்டில் பிறந்த அறிவு.

வலிப்பு

• 20 வாரத்துக்குப் பின் குருதியமுக்கம் 140/90 எச்சரிக்கை, 160/110 கடுமை.

• மருந்து: மக்னீசியம் சல்பேற்று. நாளம் வழி முதலில் 4 கிராம், பின் மணிக்கு 1 கிராம். முழங்கால் தெறிவினை, சுவாசம், சிறுநீரளவு மூன்றையும் கவனிக்க வேண்டும். மக்னீசியம் மிகைத்தால் முறிமருந்து கல்சியம் குளுக்கோனேற்று, 1 கிராம்.

இதயம் நின்றால்

• ஒருவர் நெஞ்சை அமுக்க, இன்னொருவர் கருப்பையைக் கையால் இடப்பக்கம் தள்ள வேண்டும். 4 நிமிடத்தில் உயிர் திரும்பாவிட்டால் சிசேரியன். 5ஆவது நிமிடத்தில் பிள்ளை வெளியே. இது முதலில் தாயைக் காப்பாற்றவே. பலர் மாற்றி எழுதி புள்ளியை இழக்கிறார்கள்.

அனுப்புதல்

• 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை: 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடக்கம்; பின்னர் நாடு முழுவதும். மருதமுனையிலிருந்து அருகே கல்முனை வைத்தியசாலைகள்; அதற்கு மேல் வடக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை.

• 1990க்கு எடுக்கும்போது கர்ப்ப வாரம், குருதி வகை, கடைசியாக அளந்த அமுக்கம், இழந்த குருதியின் அளவு ஆகிய நான்கையும் சொல்லுங்கள். முதல் மூன்றும் தாயிடமுள்ள எச் 512 கர்ப்பகாலப் பதிவேட்டில் இருக்கும். அதை வீட்டு அலுமாரியில் விட்டுவிடாமல் தாயோடு சேர்த்தே வண்டியில் ஏற்றுங்கள்.