மணலைப் படமெடுக்கக் கற்போம்: மேல்கோட்டை முதல் அரிச்சல்முனை வரை

பாலை நிலம் என்றதும் இராஜஸ்தானத்தின் தார் பாலைவனமும் கட்ச்சின் வெண்ணிற உப்பு நிலமுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் அங்குச் செல்லவே முதலில் திட்டமிடுகின்றனர். பாலையும் நெய்தலும் அடுத்தடுத்து அமைந்த நிலம் நம் தென்கோடியிலேயே உண்டு என்பதைப் பலர் அறியார். தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் தேரியிலிருந்து சில கிலோமீட்டர் சென்றால் மன்னார் வளைகுடாவின் அலைகளைக் காணலாம்.

அந்நிலத்தை நோக்கி ஆறு நாள் சாலைப் பயணம் ஒன்றை இக்கட்டுரை பாடமாக அமைத்துத் தருகிறது. மேல்கோட்டையில் தொடங்கி, தலக்காடு, திருச்செந்தூர்த் தேரி, மணப்பாடு ஆகியவற்றின் வழியாகத் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இப்பயணம் நிறைவுறும். கல், ஆற்றுமணல், செம்மணல், கடல்மணல் என நிலம் படிப்படியாக மாறுவதால், ஒவ்வோர் இடமும் ஒரு புதிய பாடத்தைக் கற்பிக்கும்.

முதற் பாடம்: மேல்கோட்டையில் ஒளியை அறிதல்

மைசூரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ள மேல்கோட்டையைத் தமிழ் வைணவர்கள் திருநாராயணபுரம் என்பர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இராமாநுசர் பல்லாண்டுகள் தங்கிய தலம் இது. செல்வநாராயணர் கோயில், குன்றின் மேல் யோக நரசிம்மர் கோயில், கல்யாணித் திருக்குளம், முற்றுப்பெறாமல் நிற்கும் இராய கோபுரத்தின் நெடுந்தூண்கள் ஆகிய அனைத்தும் கருங்கல்லால் ஆனவை.

மணலைப் படமெடுக்கச் செல்பவர் கல்லில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கேமரா தன்முன் உள்ள காட்சி எதுவாயினும் அதனை நடுத்தரச் சாம்பல் நிற அளவுக்குக் கொண்டுவரவே முயலும். கருங்கல்லின் நிறம் பெரும்பாலும் அந்த நடுத்தர அளவை ஒட்டியே இருப்பதால், இங்குக் கேமரா காட்டும் அளவு ஏறக்குறையச் சரியாகவே அமையும். மணலில் அவ்வாறு அமையாது. எனவே இராய கோபுரத்தின் ஒரே தூணைக் காலை 7 மணி, நண்பகல், மாலை 5 மணி என மூன்று வேளைகளில், நிற்கும் இடத்தை மாற்றாமல் படமெடுங்கள். பக்கவாட்டில் விழும் ஒளி கல்லின் உளி வேலையை எடுத்துக்காட்டுவதையும், உச்சி வெயில் அதனை மறைத்துவிடுவதையும் காண்பீர்கள். இந்த ஒரு பயிற்சியே பின்வரும் ஐந்து நாள்களுக்கும் அடிப்படையாகும்.

இரண்டாம் பாடம்: தலக்காட்டில் காலத்தைப் பதிதல்

மேல்கோட்டையிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் காவிரிக் கரையிலுள்ள தலக்காட்டை அடையலாம். மேலைக் கங்கர்களின் தலைநகராக விளங்கிய ஊர் இது. சோழர்மீது கொண்ட வெற்றியின் நினைவாகப் போசள மன்னன் விஷ்ணுவர்த்தனன் 1117ஆம் ஆண்டில் எழுப்பிய கீர்த்திநாராயணர் கோயில் இங்குள்ளது. அக்கோயிலும் சுற்றியுள்ள சிவாலயங்களும் நெடுங்காலம் மணலுள் புதைந்து கிடந்தன. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலமேலம்மாள் என்னும் அரசமரபுப் பெண் இட்ட சாபமே காரணம் என்பது மக்கள் வழக்கு. ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டப்பட்டபின் நீர் குறைந்து வெளிப்பட்ட மணலைக் காற்று வாரி வந்து குவித்தது என்பது ஆய்வாளர் தரும் விளக்கம்.

ஆப்பிரிக்காவின் நமீபியாவிலும் இத்தகைய ஊர் ஒன்று உண்டு. வைரச் சுரங்கத்தை நம்பி எழுந்து, பின்னர்க் கைவிடப்பட்ட கோல்மன்ஸ்கோப்பில் மணல் வீடுகளின் அறைகளுக்குள் புகுந்து கிடக்கிறது. உலகெங்கிலுமிருந்து ஒளிப்படக் கலைஞர்கள் அங்குச் செல்கின்றனர். அவர்கள் தேடும் காட்சி மைசூருக்கு அருகிலேயே உள்ளது.

இங்குக் கற்க வேண்டியது இரண்டு. முதலாவது, அளவு. வெறும் மணற்மேட்டைப் படமெடுத்தால் அது மூன்றடி உயரமா, முப்பதடி உயரமா என்பது பார்ப்பவருக்குப் புரியாது. ஒரு தூண், ஒரு படிக்கட்டு, நடந்து செல்லும் ஒருவர் என அளவு காட்டும் ஒன்றைச் சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். இரண்டாவது, காலம். எடுத்த நாளையும் நின்ற இடத்தையும் குறித்துக்கொண்டால், ஐந்து ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் நின்று மீண்டும் எடுக்கலாம். இரண்டையும் அருகருகே வைத்தால் மணல் நகர்ந்ததா, மரம் வளர்ந்ததா என்பது தெளிவாகும். அப்போது உங்கள் படம் ஓர் ஆவணமாகிவிடும்.

மூன்றாம் நாள் முழுவதும் பயணத்துக்கே உரியது. சாமராஜநகர், திம்பம் மலைப்பாதை, சத்தியமங்கலம், ஈரோடு, கரூர், திண்டுக்கல் வழியாக மதுரையை அடைந்து தங்கலாம். திம்பம் பாதையில் இரவு நேரக் கட்டுப்பாடு உள்ளதால் பகலிலேயே கடந்துவிடுங்கள்.

மூன்றாம் பாடம்: தேரியில் நிறத்தையும் காற்றையும் ஆளுதல்

மதுரையிலிருந்து தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர் செல்லும்வரை கண்ணுக்குப் பழகிய நிலமே தொடரும். காயாமொழியைத் தாண்டியதும் மண் செந்நிறமாகிறது. குதிரைமொழித் தேரி எனப்படும் இம்மணற்பரப்பு கடலும் காற்றும் சேர்ந்து ஆக்கியது. பனியூழிக் காலத்தில் கடல் மட்டம் இன்றைக்கும் தாழ்வாக இருந்தபோது, வெளிப்பட்ட மணலைக் காற்று குவித்தது என நிலவியலார் கருதுகின்றனர். மணற்துகள்களின்மேல் படிந்த இரும்பு ஆக்சைடே இச்செந்நிறத்துக்குக் காரணம். இத்தேரிகளில் கிடைத்த கற்கால நுண்கருவிகளைப் பற்றி சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். ஆகவே காலடியில் கூர்மையான சிறு கல்லைக் கண்டால் படமெடுத்துக்கொண்டு, கல்லை அங்கேயே விட்டுவிடுங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை, தானியங்கி ஒயிட் பேலன்ஸ் தேரியின் செம்மையை மிகை எனக் கருதிக் குறைத்துவிடும். அதனைப் பகல் வெளிச்ச நிலையில் நிறுத்துங்கள். மாலை வெயிலில் சிவப்பு நிறம் மட்டும் அளவுகடந்து, மணலின் நுண்மை அழியக்கூடும். ஹிஸ்டோகிராமில் சிவப்பின் கோடு வலது ஓரத்தை முட்டினால், எக்ஸ்போஷரைச் சற்றுக் குறையுங்கள். கடற்கரையின் வெளிர்மணலில் இதற்கு நேர்மாறாக, அரை முதல் ஒரு படி வரை கூட்ட வேண்டும். கைப்பேசியில் எடுப்பவர்கள் திரையில் மணலைத் தொட்டு அழுத்திப் பிடித்து, ஒளியளவை மேலும் கீழும் நகர்த்தி இதனைச் செய்யலாம்.

மணல் வரிகள் தெரிய வேண்டுமாயின் சூரியன் தாழ்ந்திருக்க வேண்டும். சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரமும், மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரமுமே உகந்தவை. எங்கு நின்று எடுப்பது என முடிவு செய்த பின்னரே நடக்கத் தொடங்குங்கள். அவசரத்தில் மேட்டின் குறுக்கே நடந்துவிட்டால், உங்கள் காலடித் தடமே படத்தைக் கெடுத்துவிடும்.

ஆனி முதல் ஆவணி வரை மேற்குக் காற்று தேரி மணலை அள்ளி வீசும். அக்காலத்தில் ஒரு மாலை, காற்று சற்றுத் தணிந்தது என எண்ணி நான் திறந்த வெளியில் லென்ஸை மாற்றினேன். அரை நிமிட வேலைதான். அன்று எடுத்த எல்லாப் படங்களின் வானத்திலும் கரும்புள்ளிகள் இருந்தன. கண்ணாடியில் படிந்த மணலைத் துணியால் துடைத்ததால் மெல்லிய கீறலும் விழுந்தது. செப்பனிட ஆன செலவு அந்தப் பயணத்தின் தங்கும் செலவை விஞ்சியது. லென்ஸை வாகனத்துக்குள் மட்டுமே மாற்றுவதும், முதலில் ஊதுபந்தால் மணலை அகற்றிப் பின்பே துடைப்பதும் அன்று நான் விலைகொடுத்துக் கற்ற பாடங்கள்.

அதனினும் பெரிய பாடம் ஒன்றும் அதே தேரியில் கிடைத்தது. மறுநாள் காலை, மாசற்ற செம்மணற்பரப்பின் முன்னே முக்காலியை நிறுத்தியிருந்தேன். இடுப்பில் பாளை அரிவாளோடு ஒரு பெரியவர் பனைகளுக்கிடையே நடந்து வந்தார். சற்று விலகி நிற்குமாறு கையசைத்தேன். அவர் விலகி நின்று, நான் எடுத்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “நான் நின்னா படம் கெட்டுப் போயிருமோ தம்பி?” என்று கேட்டார். அக்கேள்வியில் சினம் சிறிதும் இல்லை. ஆனால் என்னிடம் விடையும் இல்லை.

தேரி ஆளற்ற நிலம் அன்று. பனையேறிகளும், முருங்கையும் முந்திரியும் பயிரிடுவோரும் அதில் வாழ்கின்றனர். கருக்குவேல் ஐயனாரையும் அருஞ்சுனை காத்த ஐயனாரையும் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் ஆண்டுதோறும் அங்கு வந்து கூடுகின்றன. வெறும் மணலை மட்டும் காட்டும் படங்களைத் தொடர்ந்து பார்ப்பவர், அங்கு ஒருவருமில்லை என்றே எண்ணுவார். ஒருவருமில்லாத நிலம் என எண்ணப்படும் இடத்தைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் எளிதில் வராது. அன்று பெரியவரின் இசைவைக் கேட்டு, அவர் பனையேறுவதை எடுத்தேன். அந்த மூன்று நாள்களில் நான் எடுத்தவற்றுள் இன்றும் பிறரிடம் காட்டத் தகுந்த படம் அது ஒன்றே.

நான்காம் பாடம்: கடற்கரையில் உப்பை அஞ்சுதல்

தேரியிலிருந்து குலசேகரப்பட்டினம் வழியாக மணப்பாடு செல்லலாம். தசரா விழாவுக்குப் பெயர்பெற்ற குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அப்பகுதியைப் படமெடுக்க முற்படாதீர்கள். மணப்பாட்டில் கடலை நோக்கிய மணற்குன்றின்மீது திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. 1542இல் இந்தியா வந்த புனித பிரான்சிஸ் சேவியரோடு தொடர்புடைய குகையும் அருகில் உள்ளது. குன்றின் மேலிருந்து ஊர், உப்பங்கழி, படகுகள், கடல் ஆகிய நான்கையும் ஒரே சட்டத்துள் அடக்கலாம்.

கடற்காற்றின் உப்பு கண்ணுக்குத் தெரியாமலேயே கருவியை அரிக்கும். ஒவ்வோர் இரவும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்புறத்தையும் முக்காலியின் கால்களையும் துடைத்து உலர்த்துங்கள். குளிரூட்டிய வாகனத்திலிருந்து கேமராவை உடனே வெளியே எடுத்தால் லென்ஸில் ஈரம் படியும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே வைத்திருந்து பின்னர் எடுப்பது நலம்.

ஐந்தாம் பாடம்: தனுஷ்கோடியில் தலைகுனிதல்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி, இராமநாதபுரம் வழியாக இராமேசுவரம் சென்று, அங்கிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. சென்றால் அரிச்சல்முனை. ஒருபுறம் மன்னார் வளைகுடா கொந்தளிக்க, மறுபுறம் பாக் நீரிணை அமைதியாக இருக்கும். மக்கள் இவற்றை ஆண்கடல், பெண்கடல் என்பர்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயல் தனுஷ்கோடி நகரை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயிலைக் கடல் கொண்டு சென்றதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வாழத் தகுதியற்ற இடமென அரசு அறிவித்தது. இன்றும் தேவாலயத்தின் சுவர்களும் இரயில் நிலையத்தின் எச்சங்களும் நிற்கின்றன. அருகிலேயே மீனவர் குடிசைகளும் உள்ளன. அந்தச் சுவர்களுக்கு முன் கைவிரித்துச் சிரித்தபடி தற்படம் எடுத்துக்கொள்வோரைக் காணும்போது, கடலுக்குத் தம் உறவினரைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர் என்பதை நினைவூட்டத் தோன்றுகிறது. சுவரில் ஏறாமல், விலகி நின்று, சுவரின் திறப்பு வழியே கடல் தெரியுமாறு ஒரு படம் எடுங்கள். அந்த ஊரின் கதை முழுவதும் அதில் இருக்கும்.

குளிர்காலத்தில் இங்குள்ள ஆழமற்ற நீர்ப்பரப்புக்குப் பூநாரைகள் வருகின்றன. அவற்றைப் பறக்கவைத்துப் படமெடுப்பது தவறு. இரைதேடிச் சேர்த்த வலிமையை அவை வீணே இழக்க நேரும்.

பருவமும் பணமும்

சனவரி, பிப்ரவரி மாதங்கள் இப்பயணத்துக்கு ஏற்றவை. வறண்ட பகுதிதானே என மழையை அலட்சியம் செய்யலாகாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது. புறப்படுமுன் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். ட்ரோன் பயன்படுத்துவோர் 2021ஆம் ஆண்டு விதிகளை அறிந்திருத்தல் வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் முக்காலிக்கு முன்அனுமதி கேளுங்கள்.

செலவை நான்கு தலைப்புகளில் எழுதிக்கொள்ளுங்கள்: எரிபொருளும் சுங்கமும், தங்குமிடம், உணவு, எதிர்பாராச் செலவு. மொத்தத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, மாதந்தோறும் ஒரு தொடர் வைப்பில் செலுத்தி வந்தால், கடன் இன்றிப் பயணம் கைகூடும். கேமராவுக்குக் காப்பீடு எடுப்பவர்கள், பயணத்தின்போது வெளியில் நேரும் சேதத்துக்கும் அது பொருந்துமா என்பதைப் பத்திரத்தில் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சமிக்ஞை கிடைக்காத இடங்களில் கைப்பேசிக் கட்டணம் செல்லாது. சிறு நோட்டுகளாகக் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். நுங்கும் பதநீரும் சங்குமாலையும் விற்போருக்கு அது உதவும்.

வீடு திரும்பியபின் ஒரு பயிற்சி

எடுத்த படங்களுள் பன்னிரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் இடம், நாள், நேரம், படத்திலிருப்பவர் செய்யும் தொழில் ஆகியவற்றை இரண்டு வரிகளில் எழுதுங்கள். பன்னிரண்டில் எத்தனை படங்களில் மனிதர் இருக்கின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர்கூட இல்லையெனில், அவர்களை எங்கே விலகி நிற்கச் சொன்னோம் என நினைத்துப் பாருங்கள். படமெடுக்க இசைந்தவர்களுக்கு ஒரு பிரதியை அஞ்சலில் அனுப்பிவையுங்கள். அடுத்த முறை செல்லும்போது அவர்களே உங்களை அழைத்துச் சென்று, நீங்கள் அறியாத தேரியைக் காட்டக்கூடும்.