பாட்டி எழுந்து நின்ற நாள்

ஈராண்டுகளுக்கு முன் என் பாட்டிக்குப் பக்கவாதம் கண்டது. இடக்கையும் இடக்காலும் தளர்ந்தன. தோட்டத்தில் பல்லாண்டு பால்மரம் வெட்ட நடந்த கால்கள், நாற்காலியிலிருந்து எழ மறுத்தன. விடுமுறையில் வீடு திரும்பிய நான், அவரை மருத்துவமனையின் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு, அதாவது பிசியோதெராபி பிரிவுக்கு, அழைத்துச் சென்றேன். மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டால் என்ன நேரும் என்பது உயிர்மருத்துவ அறிவியல் மாணவனான எனக்குத் தெரியும். பாட்டியை எப்படி எழ வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

அங்கிருந்த மலாய் இளைஞர் பாட்டியை முழங்காலை நீட்டச் சொன்னார். தசை வலிமையை 0 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். தசையில் சுருக்கமே இல்லையெனில் 0. புவியீர்ப்பை எதிர்த்து முழுமையாக அசைத்தால் 3. நாம் கையால் அழுத்தும் முழு விசையையும் தாங்கினால் 5. பாட்டிக்கு 3. "வலக்கால் நன்றாக இருக்கிறது. எழலாம். எழும் முறையைத்தான் மீண்டும் பழக வேண்டும்" என்றார் அவர்.

எழுவதற்கும் முறை உண்டா? உண்டு. முதலில் பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வைக்க வேண்டும். பிறகு இடுப்பிலிருந்து முன்னால் சாய வேண்டும். அப்போது உடல் எடை இருக்கையை விட்டுப் பாதங்களின் மேல் வருகிறது. அதன் பின்னரே தொடைத் தசையும் பிட்டத் தசையும் உடலை உயர்த்துகின்றன. விழுந்துவிடும் பயத்தில் முதுகை நிமிர்த்தியபடி எழ முயல்பவர் மீண்டும் நாற்காலியிலேயே சாய்வார். பாட்டியும் அதைத்தான் செய்தார்.

இளைஞர் மலாயில் விளக்கியது பாட்டிக்குப் புரியவில்லை. தமிழில் சொல்லும்படி என்னைக் கேட்டார். "உடல் எடையை முன்னோக்கி நகர்த்துங்கள், பாட்டி" என்றேன். தமிழ்ப்பள்ளிக் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய தமிழ்! "என்னய்யா சொல்ற?" என்றார் பாட்டி. சற்று யோசித்து, "பால் வாளியத் தூக்கக் குனிவீங்களே, அப்படிக் குனிங்க பாட்டி" என்றேன். மூன்றாவது முயற்சியில் எழுந்து நின்றார்.

அன்றே இத்துறையைக் கற்க விரும்பினேன். வேறு பட்டம் பெறுபவர் இதில் நுழைய முடியுமா? நான் தேடி அறிந்ததை, என்னைப் போன்ற தம்பி தங்கையருக்காக இங்கே தருகிறேன்.

அமெரிக்காவில் பெரும்பாலும் முதல் பட்டத்திற்குப் பின்னரே இப்படிப்பு தொடங்குகிறது. 2016 முதல் அங்கு அங்கீகாரம் பெறும் ஒரே தொழில்நுழைவுப் பட்டம் டி.பி.டி. இது ஆய்வேடு எழுதிப் பெறும் பிஎச்.டி. அன்று, பெரும்பாலும் மூன்றாண்டுத் தொழிற்பயிற்சிப் பட்டம். உடற்கூறியல், உடலியங்கியல், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றை முன்பே படித்திருக்க எதிர்பார்ப்பார்கள். குறைந்தது 30 வாரம் நோயாளிகளிடையே முழுநேரப் பயிற்சி உண்டு. முடிவில் உரிமத் தேர்வும் எழுத வேண்டும். ஆஸ்திரேலியாவில் வேறு பட்டதாரிகளுக்கு இரண்டாண்டு முதுகலைப் படிப்பைப் பல பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன.

நம் நாட்டில் டிப்ளோமாவும் இளங்கலையுமே வழக்கமான பாதை. இளங்கலை பொதுவாக நான்கு ஆண்டுகள். எங்கு படித்தாலும், இங்கே தொழில் புரிய 2016ஆம் ஆண்டுத் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற வேண்டும். எனவே வெளிநாடு செல்லுமுன், அப்படிப்பு இங்கே ஏற்கப்படுமா என்று கேட்டறிவது அவசியம்.

ஆஸ்திரேலியா சென்றால் காலம் மிச்சம், பணம் கரையும். இங்கே படித்தால் இன்னொரு நான்காண்டு. அம்மாவின் சம்பளத்தையும் என் கல்விக் கடனையும் எண்ணிப் பார்த்து, முதலில் ஈராண்டு வேலை செய்து பணம் சேர்ப்பதென்று முடிவெடுத்துள்ளேன். அதற்குள் மனம் மாறிவிடுமோ என்று அம்மா அஞ்சுகிறார். எனக்கும் அந்த அச்சம் உண்டு.

ஆனால், பாட்டி இன்றும் காலையில் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, "வாளிக்குக் குனியணும்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு எழுகிறார். மருத்துவமனையில் அரைமணி நேரம்தான் பயிற்சி. மற்ற நேரமெல்லாம் அவருடன் இருப்பது அந்தச் சொல்தான். நண்பர்களே, நீங்கள் எத்துறையில் படித்தாலும், அதை உங்கள் பாட்டிக்கு அவர் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாத இடத்தில்தான் நாம் இன்னும் கற்க வேண்டியிருக்கிறது.